கோகோ மீன்கள்: எலும்பு சொன்னதும் சதை சொன்னதும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே கிம்பர்லி வட்டாரத்தில், ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், கோகோ என்றொரு பெரிய மாட்டுப்பண்ணை இருக்கிறது. புல் காய்ந்த சமவெளி. அதில் ஆங்காங்கே சுண்ணாம்புக்கல் உருண்டைகள் சிதறிக் கிடக்கும். பார்வைக்கு வெறும் கல்தான். சுற்றியிருந்த மென்மையான களிப்பாறை மழையிலும் வெயிலிலும் அரித்துப்போக, கெட்டியான உருண்டைகள் மட்டும் தரையில் தங்கிவிட்டன. பலவற்றுக்குள் ஒன்றும் இருக்காது. சிலவற்றில் இறாலின் தூரத்து உறவுகள் இருக்கும். அபூர்வமாக ஒன்றில் மீன் கிடைக்கும். ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில், வெப்பக் கடலொன்றில் செத்த மீன் அது. மண்டை நசுங்காமல், துடுப்பெலும்பு இடம் மாறாமல், உயிரோடிருந்த வடிவிலேயே உள்ளே கிடக்கும்.

டெவோனியன் மீன்கள் கிடைக்கும் இடங்களுக்கு உலகில் பஞ்சமில்லை. ஸ்காட்லாந்தின் பழைய செம்மணற்கல்லும் கனடாவின் மிகுவாஷாவும் கோகோவுக்கு நெடுங்காலம் முன்பே பேர் பெற்றவை. ஆனால் பெரும்பாலான இடங்களில், மேலே குவிந்த வண்டலின் பாரம் உடலை அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறது. கோகோவில் பாரம் ஏறுவதற்கு முன்பே பிணத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகிவிட்டது. கடந்த அறுபது ஆண்டுகளில் அங்கிருந்து வந்த பெரிய அறிவிப்புகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. தாடையுள்ள முதுகெலும்பிகளுக்குப் பல் எப்போது வந்தது, கழுத்து எப்போது வந்தது, குட்டி போடும் வழக்கம் எவ்வளவு பழையது, இதயம் எந்த இடத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கோகோவைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். இவற்றில் எது உறுதி, எது இழுபறி என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனின் உடலைப் பற்றி கோகோ சொல்வதைப் பெரிதும் நம்பலாம். மீன்களின் வம்சாவளியைப் பற்றி அதன் பெயரால் சொல்லப்படுவதை எடைபோட்டே ஏற்க வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கேனிங் படுகையின் வடக்கு விளிம்பில் நேப்பியர், ஆஸ்கார் மலைத்தொடர்கள் என்ற பெயரில் சுமார் 350 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல் சுவர் விட்டுவிட்டு எழுந்து நிற்கிறது. இது டெவோனியன் கடலின் திட்டு வரிசை. விண்ட்ஜானா, கெய்கி ஆகிய இடங்களில் ஆறுகள் அந்தச் சுவரை அறுத்துக்கொண்டு பாய்கின்றன. ஒரு கடல் திட்டின் குறுக்குவெட்டை அங்கே நடந்துகொண்டே பார்க்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஃபிலிப் பிளேஃபோர்ட் தம் உழைப்பின் பெரும்பகுதியை இந்தத் திட்டுகளுக்கே கொடுத்தார். இவற்றைப் பவளப்பாறை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதிதான் சரி. பவளங்கள் இருந்தன; ஆனால் கட்டியெழுப்பும் வேலையைச் செய்தவை ஸ்ட்ரொமட்டோபோராய்டு என்ற கடற்பஞ்சு வகையும் சுண்ணாம்பு படியச்செய்யும் நுண்ணுயிர்களும்தான். திட்டுகளுக்கு இடையே ஆழமான, அசைவு குறைந்த பள்ளங்களில் சேறு படிந்தது. அந்தச் சேறுதான் பின்னாளில் கோகோ பாறையடுக்கு ஆனது. அதன் காலத்தைக் கணிக்க உதவியவை மீன்கள் அல்ல. கோனோடோன்ட் என்ற நுண்ணிய பல் போன்ற எச்சங்களும் கோனியடைட் சுருள் ஓடுகளும்.

இங்கே மீன் இருப்பதை 1940இல் முதலில் கண்டவர் கர்ட் டைக்கர்ட். நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறி பெர்த்தில் வேலை பார்த்த புவியியலாளர் அவர். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எதுவும் நடக்கவில்லை. உருண்டையைச் சுத்தியலால் பிளந்தால் மீனும் சேர்ந்து உடையும். உடைந்த துண்டைப் பார்த்து யார் உற்சாகப்படுவார்கள்? 1963இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹாரி டூம்ப்ஸ் வந்தபோதுதான் நிலைமை மாறியது. சுண்ணாம்புக்கல்லில் சிக்கிய எலும்புகளை அசிட்டிக் அமிலத்தால் விடுவிக்கும் முறையை 1948இலேயே எழுதி வெளியிட்டிருந்தவர் அவர். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான், கொஞ்சம் கூடுதல் செறிவில். கல் கால்சியம் கார்பனேட், எலும்பு கால்சியம் பாஸ்பேட். நீர்த்த அமிலம் முன்னதைக் கரைக்கும், பின்னதை விட்டுவைக்கும். உருண்டையை அமிலத்தில் வைத்து, எடுத்துக் கழுவி, புதிதாக வெளிப்பட்ட எலும்பின் மேல் பிளாஸ்டிக் பூச்சு தடவிக் காயவைத்து, மறுபடி அமிலத்தில் வைக்க வேண்டும். ஒரு மீனுக்கு மாதக்கணக்கில் ஆகும். முடிவில் தட்டில் மிஞ்சுவது நேற்றுச் சுத்தம் செய்ததுபோல் இருக்கும் எலும்புக்கூடு. தாடையைத் திருப்பிப் பார்க்கலாம், மண்டையின் நரம்புத்துளைகளுக்குள் எட்டிப் பார்க்கலாம்.

1963இலும் 1967இலும் லண்டன் அருங்காட்சியகம், கிளாஸ்கோவின் ஹன்டேரியன் அருங்காட்சியகம், மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஆகியவை சேர்ந்து சேகரித்தன. அடுத்த இருபது ஆண்டுகள் முழுக்க எலும்பின் காலம். ரோஜர் மைல்ஸ் கவச மீன்களையும் நுரையீரல் மீன்களையும் விவரித்தார். வாத்தின் அலகுபோல் மூக்கு நீண்ட கிரிஃபோக்னாதஸ் மீனை உள்ளடக்கிய அவருடைய 1977ஆம் ஆண்டு ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பிரையன் கார்டினர் 1984இல் இரண்டு சிறு கதிர்த்துடுப்பு மீன்களின் மண்டையைத் துளை துளையாக விவரித்தார். இதுவரை இங்கே அடையாளம் காணப்பட்ட மீனினங்கள் சுமார் ஐம்பது. அவற்றில் பெரும்பான்மை பிளகோடெர்ம்கள். தலையிலும் மார்பிலும் எலும்புத் தகடுகளைக் கவசமாகப் போர்த்திய, இன்று பூண்டோடு அற்றுப்போன மீன்கள். இந்த விவரிப்புகளில் பிழைகள் உண்டு, ஆனால் பெரிய சச்சரவு இல்லை. எலும்பு கண்முன் இருக்கிறது, சந்தேகப்படுபவர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

சச்சரவும் சுவாரசியமும் சதையிலிருந்து தொடங்குகின்றன. 2005இல் சேகரித்த ஓர் உருண்டைக்குள் டிக்டோடோன்ட் என்ற வகையைச் சேர்ந்த சிறிய பிளகோடெர்ம் ஒன்று இருந்தது. ஓடுகளை நொறுக்கித் தின்னும் தட்டைப் பல்தகடுகள் கொண்ட மீன், நீளம் கால் மீட்டர் அளவு. ஆய்வாளர்கள் ஜான் லாங், கேட் டிரினாஜ்ஸ்டிக் ஆகியோர் அதை அமிலத்தில் மேலும் கரைத்தபோது, வால் பக்கமாக இன்னும் சிறிய எலும்புகள் தெரிந்தன. தின்ற இரையா, வயிற்றுக் குட்டியா? இந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் தேடிய விதம் கவனிக்கத்தக்கது. சிறிய எலும்புகள் பெரிய மீனின் எலும்புகளை ஒத்திருந்தன, ஒரே இனம். நொறுக்கித் தின்னும் வாய்க்குள் போயிருந்தால் உடைந்திருக்க வேண்டும், உடையவில்லை. இரைப்பை அமிலம் அரித்த தடமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முறுக்கிய குழாய் போன்ற கனிமமான ஓர் உறுப்பு சிறிய எலும்புகளோடு இருந்தது. அதைத் தொப்புள்கொடி என்று இனங்கண்டார்கள். 2008இல் நேச்சர் இதழில் மேட்டர்பிஸிஸ் அட்டன்பரோவி என்ற பெயரோடு இது வெளிவந்தது. 1979இல் ‘லைஃப் ஆன் எர்த்’ தொலைக்காட்சித் தொடரில் கோகோவைப் பற்றிப் பேசிய டேவிட் அட்டன்பரோவுக்கு மரியாதையாக வைத்த பெயர். முதுகெலும்பிகளில் குட்டி ஈன்றதற்கு இதைவிடப் பழைய நேரடிச் சாட்சி அன்று வேறில்லை.

செய்தித்தாள்கள் அந்தத் தாய்மீனைக் கொண்டாடின. எனக்கு அதற்கடுத்த ஆண்டில் வந்த சிறிய கட்டுரைதான் பெரிதாகப் படுகிறது. லண்டன் அருங்காட்சியகத்தில் இன்சிசோஸ்கூட்டம் என்ற வேறொரு பிளகோடெர்ம் பல ஆண்டுகளாக இருந்தது. அதன் வயிற்றிலும் சிறு எலும்புகள் உண்டு. 1981இல் அதை விவரித்தவர்கள் கடைசியாகத் தின்ற இரை என்று எழுதினார்கள். அன்றைக்கு வேறு எப்படி எழுதியிருக்க முடியும்? மேட்டர்பிஸிஸைப் பார்த்த கண்ணோடு 2009இல் திரும்பப் போய்ப் பார்த்தபோது, இரையாக நினைத்தது கரு என்று தெரிந்தது. 1986இல் சேகரித்த ஆஸ்ட்ரோடிக்டோடஸ் மாதிரி ஒன்றிலும் மூன்று கருக்கள் இருந்தன. இன்சிசோஸ்கூட்டம் ஆர்த்ரோடயர் என்ற வகை. பிளகோடெர்ம்களிலேயே மிகப் பெரிய கூட்டம். ஆக, குட்டி போடுவது டிக்டோடோன்ட்களின் ஒற்றை விசித்திரம் இல்லை. தனி ஒரு மாதிரியின் மேல் நின்ற கூற்றுக்கு இரண்டாவது கால் கிடைத்தது இப்படித்தான், புதிய பயணம் எதுவும் இல்லாமல்.

இதுவரை உடற்கூறு. இனி வம்சாவளி. டிக்டோடோன்ட் ஆண்களுக்கு, சுறாக்களுக்கு இருப்பதுபோல, புணர்ச்சிக்கான பற்றுறுப்பு இருந்தது என்பது கோகோவுக்கு முன்பே தெரியும். ஆனால் சுறாவுக்கு அது இடுப்புத் துடுப்பின் ஒரு பகுதி. பிளகோடெர்ம்களில் அது துடுப்போடு சேராத தனி உறுப்பு என்று 2014இல் டிரினாஜ்ஸ்டிக் குழு வாதிட்டது. அதே ஆண்டில், ஸ்காட்லாந்து உள்ளிட்ட இடங்களில் கிடைக்கும் மைக்ரோபிராக்கியஸ் என்ற விரல் நீள மீனிலும் எலும்பாலான புணர்ச்சி உறுப்பை லாங் குழு காட்டியது. இந்த மீன் ஆன்டியார்க் வகை. பல மரபுவழி மரங்களில், தாடையுள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் அடியில் முதலில் பிரிந்த கிளை ஆன்டியார்க். அப்படியானால் உள்கருவுறுதலே தாடையுள்ள முதுகெலும்பிகளின் ஆதி வழக்கம். முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடும் இன்றைய பெரும்பாலான எலும்பு மீன்கள், இருந்த ஒன்றைத் தொலைத்துவிட்டு அந்த வழிக்குத் திரும்பியவை. பாடப்புத்தகத்தைத் தலைகீழாக்கும் முடிவு.

இந்த முடிவை நான் தயங்கித்தான் வாசிக்கிறேன். பிளகோடெர்ம்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்த பல கிளைகளின் தொகுப்பு என்றால்தான் இது செல்லும். அவை எல்லாம் ஒரே மூதாதையின் பிள்ளைகளான தனிக்குலம் என்றால், உள்கருவுறுதல் அந்தக் குலத்துக்குள் மட்டும் ஒருமுறை தோன்றியிருக்கலாம். நமக்கு அதில் சம்பந்தமே இருக்காது. பெரும்பாலான ஆய்வுகள் முதல் கருத்தின் பக்கம் இருக்கின்றன. சீனாவில் கிடைத்து 2013இல் வெளியான எண்டெலோக்னாதஸ், ஏறத்தாழ 42 கோடி ஆண்டு பழையது, பிளகோடெர்ம் உடலில் எலும்பு மீனின் தாடை கொண்டது, அந்தப் பக்கத்துக்கு வலு சேர்த்தது. ஆனால் தனிக்குலம் என்று முடிவு சொல்லும் கணிப்புகளும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. வழக்கின் தீர்ப்பு கோகோவின் கையில் இல்லை. கோகோ மீன்கள் வாழ்ந்தபோது தாடையின் கதை தொடங்கிப் பல கோடி ஆண்டுகள் ஓடிவிட்டன. நன்றாகப் பாதுகாக்கப்பட்டது என்பதாலேயே ஒரு மீன் மூத்தது ஆகிவிடாது. இந்த எளிய எச்சரிக்கையைப் பத்திரிகைச் செய்திகள் மட்டுமல்ல, சில ஆய்வுக் கட்டுரைகளும் மறந்துவிடுகின்றன.

பல் பற்றிய சண்டையும் இதே ரகம், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளகோடெர்ம்களுக்குப் பல் கிடையாது, தாடையெலும்பின் கூர்முனைகள்தான் உண்டு என்பது பழைய கருத்து. 2003இல் மோயா ஸ்மித், ஸெரினா ஜோஹன்சன் இருவரும் ஆர்த்ரோடயர்களுக்கு உண்மைப் பல் தனியாகவே தோன்றியது என்றார்கள். உடனே மறுப்புகள் வந்தன. 2012இல் கோகோவின் கம்பாகோபிஸிஸ் என்ற ஆர்த்ரோடயரின் தாடையைச் சுவிட்சர்லாந்தின் சிங்க்ரோட்ரான் என்ற வலுமிக்க எக்ஸ்-கதிர் மூலத்தால் ஊடுருவிப் பார்த்தபோது, டென்டைனும் கூழறையும் கொண்ட பற்கள் தெரிந்தன. பல் இருந்தது என்பது இப்போது ஏற்கப்பட்டதாகவே சொல்லலாம். நம் பல்லும் அதுவும் ஒரே தோற்றமா என்பது, மறுபடியும், மரத்தைப் பொறுத்தது.

தசைகளின் கதை இன்னும் திடமானது. 2007இல் சில மாதிரிகளில் தசைநார்களும் நரம்புகளும் பாஸ்பேட்டாக மாறித் தங்கியிருப்பதை டிரினாஜ்ஸ்டிக் குழு அறிவித்தது. 2013இல் பிரான்ஸின் கிரனோபிள் சிங்க்ரோட்ரானின் துணையோடு கழுத்து, வயிற்றுத் தசைகளின் வரைபடமே சயன்ஸ் இதழில் வந்தது. அதுவரை பிளகோடெர்ம்களுக்குத் தசை வரைந்தவர்கள் சுறாவைப் பார்த்தே வரைந்தார்கள். உண்மையான தசை அந்தச் சித்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. தலைக்கவசமும் மார்புக்கவசமும் மூட்டுவைத்துச் சேரும் இடத்தில், தலையைக் கீழே இழுக்கும் வலுவான தனித் தசை இருந்தது. வயிற்றில் குறுக்காக ஓடும் தசை இருந்தது. அது நாலுகால் விலங்குகளுக்கே உரியது என்று கருதப்பட்டு வந்தது. இந்த முடிவு எந்த மரத்தையும் நம்பி நிற்கவில்லை. சுறாவை ஆதிமீனின் நகலாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு விழுந்த அடி இது, என் பார்வையில் கோகோவின் ஆகப் பெரிய பங்களிப்பும் இதுவே.

2022இல் அதே குழு ஆர்த்ரோடயர்களின் இதயம், இரைப்பை, இரு மடல் ஈரல் ஆகியவை முப்பரிமாணத்தில் கிடைத்ததை அறிவித்தது. இம்முறை உருண்டைகளை முழுதாக அமிலத்தில் கரைக்கவில்லை; சிட்னியின் நியூட்ரான் கற்றையும் கிரனோபிளின் எக்ஸ்-கதிரும் கல்லுக்குள்ளேயே உறுப்புகளைக் காட்டின. இதயம் எஸ் வடிவில் வளைந்து, இரண்டு அறைகளோடு, செவுள்களுக்குக் கீழே தொண்டையை ஒட்டி இருந்தது. ஈரலிலிருந்து வெகுவாக விலகியிருந்தது. தாடையில்லாத லாம்ப்ரேயில் இதயமும் ஈரலும் அருகருகே இருக்கும். கழுத்து உருவானபோது இதயம் முன்னே நகர்ந்தது என்ற கருத்துக்கு முதல் கல்வெட்டு இது.

அந்த அறிவிப்பில் இல்லாத உறுப்பும் முக்கியம்: நுரையீரல். 1941இல் ராபர்ட் டெனிசன் கனடாவின் மிகுவாஷாவில் கிடைத்த போத்ரியோலெபிஸ் மீனுக்குள் வண்டல் நிரம்பிய இரு பைகளைக் கண்டு, நுரையீரல் என்றார். பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள். பிறகு பலர் சந்தேகித்தார்கள். கோகோ ஆர்த்ரோடயர்களில் நுரையீரல் இல்லை என்பது சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. காற்றைச் சுவாசித்த மீன்கள் அதே கடலில் இருந்தன என்பதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். ரைனோடிப்டெரஸ் என்ற நுரையீரல் மீனின் மண்டையிலும் விலாவிலும் அதற்கான அமைப்பு உண்டு என்று ஆலிஸ் கிளெமென்ட்டும் லாங்கும் 2010இல் காட்டினார்கள். நன்னீரின் ஆக்சிஜன் பஞ்சமே காற்றுச் சுவாசத்தைத் தூண்டியது என்ற பழைய விளக்கம் கடல்மீனில் அதைப் பார்த்தபின் ஆட்டம் காண்கிறது.

கால்களின் தோற்றம் என்ற கேள்வியில் கோகோவின் இடம் சற்றுப் பின்வரிசைதான். கோகோநாசஸ் மீனின் முழுமையான மாதிரி 2006இல் வெளிவந்தது. மேற்கை எலும்பும் முன்கை எலும்புகளும் கொண்ட துடுப்பு, தலையுச்சியில் அகன்ற மூச்சுத்துளை என்று தரைவிலங்கின் சாயல் அதில் நிறைய. ஆனால் அதே ஆண்டில் கனடாவின் ஆர்க்டிக் தீவிலிருந்து வந்த டிக்டாலிக் நாலுகாலிகளுக்கு இன்னும் நெருக்கமானது. புகழ் முழுவதும் அதற்கே போனது. நான்கு ஆண்டு கழித்துப் போலந்தின் ஸாஹெல்மியே கல்குவாரியிலிருந்து சுமார் 39 கோடி ஆண்டு பழைய காலடித் தடங்கள் வந்தபோது, இரண்டு மீன்களுமே நடந்து முடிந்த கதைக்குப் பிந்தைய உறவினர்கள் என்ற நிலை வந்தது. பாதுகாப்பின் தரமும் காலவரிசையும் வேறு வேறு என்பதற்கு இன்னொரு சான்று.

சதை எப்படித் தங்கியது? 2013இல் இனெஸ் மெலென்டெஸ், கிளிட்டி கிரைஸ் உள்ளிட்டோர் ஓர் ஓட்டுடலி இருந்த உருண்டையின் கரிமப் பொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒளி தேவைப்படுவதும் ஆக்சிஜனைத் தாங்காததுமான பச்சைக் கந்தக பாக்டீரியாவின் நிறமிச் சுவடுகள் கிடைத்தன. சூரிய ஒளி எட்டும் ஆழத்திலேயே தண்ணீரில் ஆக்சிஜன் அற்று, ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருந்தது என்று பொருள். பிணத்தைத் தின்னும் பிராணிகள் அங்கே வாழ முடியாது. சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாக்கள் மட்டும் வேலை செய்தன. அவை வெளிவிட்ட கார்பனேட் பிணத்தைச் சுற்றி இறுகியது. கொலஸ்டிராலின் சிதைவுப் பொருள்கள்கூட உள்ளே தங்கியிருந்தன. இது ஓட்டுடலி இருந்த உருண்டை ஒன்றில் கண்டது. எல்லா மீன்களுக்கும் இதையே பொதுவிதியாக நீட்டுபவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள்.

சேகரிப்பின் சாய்வையும் மறக்கக் கூடாது. கவசம் உள்ளது கல்லில் எளிதாகத் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. சுறாக்களுக்கு இங்கே நெடுங்காலம் இடமே இல்லாததுபோல் இருந்தது. 2015இல்தான் கோகோசெலாக்கஸ் என்ற சுறாவின் தாடையும் பற்களும் விவரிக்கப்பட்டன. அதற்காக டெவோனியன் திட்டுகளில் சுறா அரிது என்று முடிவுகட்டினால் தவறாகும்.

இன்னொன்று, ஒரு புவியியல் கட்டுரையில் வழக்கமாக விடுபட்டுப் போவது. கோகோ கூனியாண்டி மக்களின் பாரம்பரிய நிலம். லண்டனுக்கும் பெர்த்துக்கும் பெட்டி பெட்டியாகக் கற்கள் போன காலத்தில் மீன்களுக்கு வைத்த பெயர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகளின் பெயர்கள். மாநிலத்தின் புதைபடிவச் சின்னமாக 1995இல் அறிவிக்கப்பட்ட மக்னமாராஸ்பிஸ் மீனும் அப்படித்தான். பிறகு மெல்ல மாறியது. விண்ட்ஜானா, டனல் க்ரீக் குகைகளில் மறைந்திருந்து குடியேறிகளின் காவல்படையை எதிர்த்து, 1897இல் கொல்லப்பட்ட புனுபா வீரர் ஜண்டமாராவின் பெயரை ஓனிக்கோடஸ் என்ற மீனின் ஓர் இனம் தாங்குகிறது. 2024இல் வெளியான சீலகாந்த் மீனுக்கு நமுகாவி விர்ங்காரி என்று கூனியாண்டி மொழியிலேயே பெயர். அந்த ஆய்வு சீலகாந்த்களின் மாறும் வேகத்தைப் புவித்தட்டுகளின் அசைவோடு பொருத்திப் பார்த்தது. வேகம் கூடிய காலங்கள் தட்டுகள் சுறுசுறுப்பாக இருந்த காலங்களோடு ஒத்துப்போகின்றன என்றது. ஒப்புமை இருக்கிறது. காரணம் இதுதான் என்பதற்கு இன்னும் நிறைய வேலை பாக்கி.

வருங்காலக் கேள்விகள் அமிலத் தொட்டியைச் சுற்றியே வரும் என்று நினைக்கிறேன். எலும்பை அழகாக விடுவித்த அதே அமிலம், கல்லோடு ஒட்டியிருந்த மெல்லிய உறுப்புகளின் இடத்தொடர்பை அழித்துவிட்டது. 1960கள் முதல் சுத்தம் செய்த எத்தனையோ மீன்களில் இதயம் இருந்ததா என்று இனிக் கேட்டுப் பயனில்லை. தொடாத உருண்டைகளை முதலில் ஊடுகதிரில் பார்த்துவிட்டுத்தான் கரைக்க வேண்டும், அல்லது கரைக்கவே கூடாது. ஆர்த்ரோடயரின் வயிறு தெரிந்துவிட்டது. ஆன்டியார்க்கின் வயிறுதான் தேவை. டெனிசனின் போத்ரியோலெபிஸ் ஆன்டியார்க் வகை, அதன் உறவினர் கோகோவிலும் உண்டு. கரைக்காத உருண்டைக்குள் அப்படி ஒன்று உறுப்புகளோடு அகப்பட்டால், 1941இல் தொடங்கிய நுரையீரல் வழக்கு முடிவுக்கு வரும்.